வர்த்தகப் பற்றாக்குறைச் செய்தியோடு இன்னும் சில எண்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய வங்கியின் மாதாந்த வெளிநாட்டுத்துறை அறிக்கை வெளியானதும் நம் பத்திரிகைகளில் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒரு செய்தி வருகிறது. ஏற்றுமதி இத்தனை மில்லியன் டொலர், இறக்குமதி இத்தனை, பற்றாக்குறை கூடியது அல்லது குறைந்தது. கூடினால் தலைப்பில் கவலை தெரியும், குறைந்தால் ஆறுதல் தெரியும். இலங்கை மாதிரிச் சிறிய பொருளாதாரத்தில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வாசகர்களுக்கு வேறு சில எண்களும் தேவை. அவை எவை, ஏன் என்று எழுதவே இக்கடிதம்.

2021இல் நமது பொருள் ஏற்றுமதி ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர், இறக்குமதி 20.6 பில்லியன், பற்றாக்குறை 8.1 பில்லியன். அடுத்த ஆண்டு ஏற்றுமதி 13.1 ஆக ஏறியது, இறக்குமதி 18.3 ஆக இறங்கியது, பற்றாக்குறை 5.2 பில்லியனுக்கு வந்தது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு! தாளில் மட்டும் பார்ப்பவர் அதைப் பொற்காலம் என்று நினைப்பார். அது 2022. எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு. மார்ச் மாத முடிவில் 13 மணி நேர மின்வெட்டு, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தம், பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருக்கம். வாங்கக் கையில் டொலர் இல்லாததால் இறக்குமதி குறைந்தது, அதனால் பற்றாக்குறையும் குறைந்தது.

2024இல் இதற்கு நேர் எதிர். பற்றாக்குறை முந்திய ஆண்டின் 4.9 பில்லியனிலிருந்து 6.1 பில்லியனாகக் கூடியது. ஆனால் தொழிலாளர் பணவனுப்பல் மட்டும் 6.6 பில்லியன் டொலர் அளவில் வந்தது, சுற்றுலாவில் இன்னும் 3.2 பில்லியன். பொருள், சேவை, பணவனுப்பல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நடைமுறைக் கணக்கு மிகையில் முடிந்தது. பற்றாக்குறை கூடியது என்ற தலைப்பு உண்மைதான். அந்த ஆண்டு நிலைமை தேறியது என்பதும் உண்மைதான். தலைப்பை மட்டும் வாசித்தவருக்கு இரண்டாவது உண்மை போய்ச் சேர்ந்திருக்காது.

இறக்குமதி என்றாலே ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மத்திய வங்கி இறக்குமதியை நுகர்வுப் பொருட்கள், இடைநிலைப் பொருட்கள், முதலீட்டுப் பொருட்கள் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. இதில் பாதிக்கு மேல் இடைநிலைப் பொருட்கள்: எரிபொருள், துணி, உரம், கோதுமை, இரசாயனம், பிளாஸ்டிக் மூலப்பொருள். நுகர்வுப் பொருட்களின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அதற்குள்ளேயே சீனி, பருப்பு, பால்மா, மருந்து எல்லாம் அடக்கம். இவற்றைக் கழித்துவிட்டால் ஆடம்பரம் என்று கை காட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான். 2020இல் தொடங்கிய இறக்குமதித் தடைகள் எதிர்பார்த்த அளவு டொலரைச் சேமிக்காததற்கு இதுவே முதற்காரணம். மஞ்சளைத் தடுத்தார்கள். விலை எகிறியது. இராமேஸ்வரம் பக்கமிருந்து படகில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் வந்தது. சுங்கப் பதிவில் இறக்குமதி குறைந்தது, நாட்டுக்குள் மஞ்சள் வந்துகொண்டுதான் இருந்தது, அரசுக்குக் கிடைக்க வேண்டிய தீர்வை மட்டும் போயிற்று.

உரத் தடை இன்னும் விலை உயர்ந்த பாடம். 2020இல் உர இறக்குமதிக்குச் செலவானது ஏறக்குறைய 260 மில்லியன் டொலர். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், நவம்பரில் பின்வாங்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022இல் அரிசி இறக்குமதி 7 இலட்சம் தொன்னைத் தாண்டியது. அதற்குப் போன டொலர் 2020இல் உரத்துக்குப் போனதைவிடக் குறைவில்லை. தேயிலை உற்பத்தி 2021இல் இருந்த 299 மில்லியன் கிலோவிலிருந்து 251 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. உரம் இறக்குமதிப் பட்டியலில் ஒரு வரி, தேயிலை ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு வரி. முன்னதை வெட்டினால் ஓரிரு பருவம் கழித்துப் பின்னது வாடும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவர் யாரும் சொல்லியிருப்பார்.

அதே தேயிலைக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. 2021இல் 286 மில்லியன் கிலோ தேயிலை ஏற்றுமதியாகி 1.32 பில்லியன் டொலர் வந்தது. 2022இல் 250 மில்லியன் கிலோ, 1.26 பில்லியன் டொலர். டொலரை மட்டும் பார்த்தால் ஐந்து சதவீதச் சறுக்கல், பெரிய விடயமில்லை என்று தோன்றும். கிலோவைப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. கிலோ ஒன்றின் சராசரி விலை 4.60 டொலர் அளவிலிருந்து 5 டொலருக்கு ஏறியதால் அந்த இழப்பு மறைந்துபோனது. ஏற்றுமதி வருமானம் என்பது விலையும் அளவும் பெருக்கி வருவது. விலையை நாம் தீர்மானிப்பதில்லை, உலகச் சந்தை தீர்மானிக்கிறது. நம் கையில் இருப்பது அளவும் தரமும்தான். ஆகவே டொலர் எண்ணுக்குப் பக்கத்தில் கிலோவையும் சராசரி விலையையும் அச்சிடாவிட்டால், உலக விலை ஏறியதை நமது சாதனையாகவும் இறங்கியதை நமது தோல்வியாகவும் வாசகர் எடுத்துக்கொள்வார். மத்திய வங்கி அளவுச் சுட்டெண் (அளவின் மாற்றம்), அலகுப் பெறுமதிச் சுட்டெண் (விலையின் மாற்றம்), வர்த்தக மாற்று விகிதம் (இறக்குமதி விலையோடு ஒப்பிட்ட ஏற்றுமதி விலை) மூன்றையும் அதே அறிக்கையில்தான் தருகிறது. பத்திரிகைக்கு வரும் வழியில் அவை உதிர்ந்துவிடுகின்றன.

அடுத்து ஆடை. பொருள் ஏற்றுமதியில் இதன் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம். 2021இல் புடைவை, ஆடை ஏற்றுமதி 5.4 பில்லியன் டொலர். அதே ஆண்டில் துணி, நூல் முதலிய புடைவை இறக்குமதி 3 பில்லியன் டொலர் அளவு. உள்ளூர்ச் சந்தையில் விற்கும் துணியும் இதில் கலந்திருக்கிறது என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்துவிட முடியாது. ஆனாலும் 5.4 முழுவதும் நாட்டில் தங்கும் டொலர் அல்ல என்பது தெளிவு.

விளங்கிக்கொள்ள ஒரு சட்டையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். சட்டை கப்பலேறும்போது விலை 6 டொலர். வெளிநாட்டுத் துணி 3 டொலர். பொத்தான், நூல், லேபிள், சிப் எல்லாம் சேர்த்து 60 சதம். மிச்சம் 2.40 டொலர், அதற்குள் கூலி, மின்சாரம், பெட்டி, போக்குவரத்து, இலாபம். இப்போது டொலர் 300 ரூபாவிலிருந்து 330 ஆகிறது என்று வையுங்கள். சட்டைக்கு 180 ரூபா கூடுதலாகக் கிடைக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கணக்கிடுவார். துணிக்கும் பொத்தானுக்கும் 108 ரூபா கூடுதலாகக் கொடுக்க வேண்டும், மிஞ்சுவது 72 ரூபா. அந்த 72இலிருந்தும் மின்கட்டணம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் நிலக்கரியும் உலை எண்ணெயும் டொலரில் வாங்குபவை. ரூபாவை இறக்கினால் ஏற்றுமதி பொங்கும் என்று எழுதுபவர்கள் இந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. தேயிலைக்கும் கறுவாவுக்கும் அந்த வாதம் ஓரளவு பொருந்தும், இறக்குமதித் துணியில் தைத்த சட்டைக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும்.

இதில் செய்தியாளருக்கு உதவும் ஒரு குறிப்பும் உண்டு. துணி வந்து, வெட்டி, தைத்து, பெட்டியிலிட்டுக் கப்பலேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே புடைவை இறக்குமதி இன்று சரிந்தால் அது நல்ல செய்தியல்ல. அடுத்த காலாண்டில் ஆடை ஏற்றுமதி சரியப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. பற்றாக்குறைத் தலைப்பு அதே வீழ்ச்சியை இறக்குமதிச் செலவு குறைந்தது என்று வாழ்த்திவிட்டுப் போய்விடும்.

ஆடையை ஒரே மூட்டையாகக் காட்டுவதும் போதாது. சுங்கத்தின் பொருட்குறியீட்டில் பின்னலாடை 61ஆம் அத்தியாயம், நெய்த துணி ஆடை 62ஆம் அத்தியாயம். டீ-சேர்ட்டும் உள்ளாடையும் முன்னதில், சட்டையும் காற்சட்டையும் பின்னதில். பின்னல் துணியை உள்ளூரில் செய்யும் ஆலைகள் நம்மிடம் உண்டு. நெய்த துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகை 2010 ஓகஸ்டில் பறிபோய் 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்தது. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கும் அதன் தோற்றுவாய் விதிப்படி ஆடைக்குத் தைப்பது மட்டும் போதாது, துணி உருவாகும் கட்டமும் இங்கே, அல்லது விதி ஏற்கும் நாடொன்றில் நடந்திருக்க வேண்டும். ஆகவே சலுகை இருந்தும் கணிசமான ஆடைகள் தீர்வை கட்டித்தான் ஐரோப்பாவுக்குள் போகின்றன. சலுகை கிடைத்தது, இனி ஏற்றுமதி இரட்டிப்பாகும் என்று அன்று எழுதியவர்கள் 61, 62 என்ற இரண்டு வரிகளைப் பார்த்திருந்தால் கொஞ்சம் நிதானமாக எழுதியிருப்பார்கள். இரண்டு அத்தியாயங்களையும் பிரித்து வெளியிடக் கூடுதலாக ஒரேயொரு வரிதான் தேவை.

வாங்குபவரே துணியை அனுப்பி, தையல் கூலியை மட்டும் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அப்படியான உடுப்புச் சுங்கத்தைக் கடக்கும்போது முழு விலையும் ஏற்றுமதியாகப் பதிவாகும். ஆனால் சர்வதேச நாணய நிதியத்தின் 2009ஆம் ஆண்டுச் சென்மதி நிலுவைக் கைந்நூல் (நாட்டின் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கெழுதும் வழிகாட்டி), துணியின் உரிமை கைமாறாததால் கூலியை மட்டும் சேவை வருமானமாக எழுதச் சொல்கிறது. ஒரே சட்டை ஓர் அட்டவணையில் 6 டொலர், இன்னொன்றில் 2 டொலர் சொச்சம். இரண்டும் பிழையில்லை.

எண்ணெய்க் கிணறே இல்லாத நாடு பெற்றோலியம் ஏற்றுமதி செய்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல்களுக்கும் கட்டுநாயக்கவில் விமானங்களுக்கும் நிரப்பும் எரிபொருள் ஏற்றுமதியாகப் பதிவாகிறது. 2022இல் இது 500 மில்லியன் டொலரைத் தாண்டியது. எண்ணெய் விலை ஏறினால் இந்த ஏற்றுமதி தானாக ஏறும், அதைவிட வேகமாக இறக்குமதிச் செலவு ஏறும். கைத்தொழில் ஏற்றுமதி வளர்ந்தது என்ற செய்தியில் எவ்வளவு இந்த எரிபொருள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் கைதட்டக்கூடாது. மாலைதீவிலும் இதே கதைதான். அங்கே மீள் ஏற்றுமதியில், அதாவது வெளியிலிருந்து வாங்கித் திரும்ப விற்பதில், பெரும்பகுதி விமான எரிபொருள், சொந்த ஏற்றுமதி என்றால் மீன்.

எரிபொருளில் மாதக் கணக்கும் ஏமாற்றும். ஒரு கப்பலில் முப்பது நாற்பதாயிரம் தொன் வரும். அது 31ஆம் திகதி சுங்கப் பதிவானால் ஒரு மாதத்தில் விழும், 1ஆம் திகதி பதிவானால் அடுத்ததில் விழும். நம்மைப் போன்ற சிறிய நாட்டில் இரண்டு கப்பல் இடம் மாறினாலே அந்த மாதப் பற்றாக்குறை பத்துக் கோடி டொலர் வரை ஆடக்கூடும். கடந்த மாதத்தோடு ஒப்பிடாமல், மூன்று மாதச் சராசரியை எடுத்து, சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆட்டம் பெருமளவு அடங்கும். எண்ணெய் இறக்குமதியை வெட்டியதன் விளைவையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத எண்ணெய்) வாங்க டொலர் போதாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்தினார்கள். மசகு எண்ணெய் இறக்குமதி குறைந்தது, அதற்குப் பதிலாக விலை கூடிய சுத்திகரித்த எரிபொருளை வாங்க வேண்டி வந்தது. உலை எண்ணெய் அங்கிருந்து வராததால் மின்நிலையங்களும் திண்டாடின.

ஏற்றுமதியான பொருளுக்கெல்லாம் டொலர் வருகிறது என்று நினைப்பதும் தவறு. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்படிக்கை ஆனது. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை என்பது கணக்கு. அந்தத் தேயிலை சுங்கத்தில் ஏற்றுமதியாகப் பதிவாகும், ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம் கிடைக்கும், வங்கிக்குள் ஒரு டொலரும் வராது. பழைய கடன் அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவே. சாதாரண ஏற்றுமதியிலும் கடனுக்கு அனுப்பிய சரக்கின் பணம் 90, 120 நாள் கழித்தே வரும். இறக்குமதியில் மறுபக்கம்: பொருள் இன்று வரும், அதன் விலைப்பட்டியல் தொகையை ஆறு மாதம் கழித்துக் கட்டலாம். ஆகவே இறக்குமதி எண் இறங்கிய பிறகும் சில மாதங்களுக்கு வங்கிகளில் டொலர் தேவை இறங்காது. 2022இல் பற்றாக்குறை குறைந்துகொண்டிருந்தபோதே டொலருக்கு அடிபிடி நடந்ததில் இதற்கும் பங்குண்டு.

பணவனுப்பல் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022இல் 3.8 பில்லியனாக விழுந்தது. மத்திய கிழக்கில் இருந்தவர்கள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை. வங்கியில் டொலருக்கு 203 ரூபாவுக்கு மேல் கிடைக்காதபோது வெளியில் அதைவிட நன்றாகவே கிடைத்தது. பணம் வங்கிக்கு வெளியே முகவர்கள் கைமாற்றும் உண்டியலுக்குப் போனது. 2022 மார்ச் 7இல் நாணய மாற்று வீதத்தைத் தளர்த்தும் வரை இது ஓடியது. உண்டியலில் சேர்ந்த டொலர் வெளிநாட்டிலேயே தங்கி, அங்கிருந்தே இறக்குமதியாளர் சிலரின் விலைப்பட்டியலுக்குக் கட்டப்படும். உதாரணத்துக்கு, 100 டொலர் பொருளைச் சுங்கத்தில் 60 டொலர் என்று காட்டினால் மீதி 40 டொலர் இப்படித்தான் போய்ச் சேரும். தீர்வை உயர்ந்த பொருட்களில் இந்தக் குறைத்துக் காட்டல் அதிகம். இதைப் பிடிக்க ஒரு வழி, விற்ற நாட்டின் ஏற்றுமதிப் பதிவை நமது இறக்குமதிப் பதிவோடு ஒப்பிடுவது. நமது எண்ணில் கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்ந்திருப்பதால் அது வழமையாக 6 முதல் 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கேள்வி கேட்கலாம். சிங்கப்பூர், துபாய் வழியாக வரும் சரக்கில் மட்டும் இந்த ஒப்பீடு குழம்பும்.

சலுகை உடன்படிக்கைகள் உருவாக்கும் போலி வளர்ச்சியையும் நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பாமெண்ணெய்க்குத் தீர்வை உயரம், இங்கிருந்து போகும் வனஸ்பதிக்குத் தீர்வை இல்லை. மலேசிய, இந்தோனேசிய எண்ணெய் இங்கே இறங்கி வனஸ்பதியாக மாறி இந்தியாவுக்குப் போனது, இந்தியாவுக்கான ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியது. இந்தியா 2006இல் இரண்டரை இலட்சம் தொன் உச்சவரம்பு போட்டது, வரைபடம் வந்த வழியே இறங்கியது. பிறகு நேபாளத்தில் இதே எண்ணெய் இதே வேலையைச் செய்தது: எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இல்லாத நாட்டின் முதன்மை ஏற்றுமதி சுத்திகரித்த பாமெண்ணெய்! இந்தியா 2020 ஜனவரியில் கதவைச் சாத்தியதும் அங்கும் அது அடங்கியது. எந்த நாட்டுக்கான ஏற்றுமதியும் திடீரென ஏறினால், அதன் மூலப்பொருள் இறக்குமதியும் கூடவே ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஒரே வாரத்தில் உங்கள் பத்திரிகையிலேயே ஏற்றுமதிக்கு இரண்டு வேறு எண்கள் வருவதற்கும் விளக்கம் தர வேண்டும். 2024க்கு மத்திய வங்கி சொன்ன 12.8 பில்லியன் பொருட்களுக்கு மட்டுமானது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை சொன்ன 16 பில்லியன் சொச்சத்தில் சேவைகளும் அடக்கம். கொழும்புத் துறைமுகத்தில் ஆண்டுக்கு ஏறியிறங்கும் 70 இலட்சத்துக்கும் அதிகமான கொள்கலன்களில் (இருபதடிக் கணக்கில்) ஐந்தில் நான்கு பங்கு கப்பல் மாறிப் போகும் பிற நாட்டுச் சரக்கு. அது பொருள் கணக்கில் வராது, கையாளும் கட்டணம் மட்டும் சேவையில் வரும்.

நாட்டின் கையிருப்பு டொலரான வெளிநாட்டு ஒதுக்குகள் இத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். 2021 முடிவில் 3.1 பில்லியன் டொலர் இருந்ததாகச் சொன்னார்கள், மாத இறக்குமதி 1.7 பில்லியன் என்றால் இரண்டு மாதத்துக்கும் குறைவு. அதில் 1.5 பில்லியன் அளவு சீன மத்திய வங்கியுடன் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் பரிமாற்று ஏற்பாட்டில் வந்தது, நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாதது. அதைக் கழித்தால் ஒரு மாதம்கூடத் தேறாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதாந்த வர்த்தகச் செய்தியின் அடியில் சிறிய பெட்டி ஒன்று போடுங்கள். தேயிலைக்கு டொலரோடு கிலோவும் சராசரி விலையும், ஆடை ஏற்றுமதிக்குப் பக்கத்தில் புடைவை இறக்குமதி, கப்பலுக்கும் விமானத்துக்கும் விற்ற எரிபொருளைத் தனியாக, கீழே பணவனுப்பலும் சுற்றுலா வருமானமும். எல்லாவற்றுக்கும் மூன்று மாதச் சராசரி. இடம் மிஞ்சினால் சுங்கக் குறியீடு 0902.30, 0902.40 இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்னது மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதிகளில் போகும் கறுப்புத் தேயிலை, பின்னது அதைவிடப் பெரிய பொதிகளில் மொத்தமாகப் போவது. பெறுமதி சேர்த்து ஏற்றுமதி செய்கிறோம் என்று மேடைதோறும் கேட்கிறோமே, அது நடக்கிறதா இல்லையா என்பது இந்த இரண்டு வரிகளில் மாதாமாதம் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்